வெள்ளிமலையில் வளர்ந்த ஊசிகள்

கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் என் கணவரிடம், "கொஞ்ச நாளைக்கு என்னப் பாக்க வராதீங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஒரு படிகத்துக்காகத்தான் சொன்னேன். அவர் காரணம் கேட்டார், யோசித்தார், சரி என்றார். சரி என்று சொல்லாதவர் என் அம்மா.

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. அப்பாவுக்குக் கரும்பு, நெல். நான் சென்னையில் விடுதியில் தங்கி வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என் கணவர் வடக்கனந்தல்காரர். வேளாண்மைத் துறையில் வேலை. வெள்ளிமலையில் ஓர் ஓட்டு வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். மலை ஊர்களுக்கு பைக்கில் போய்ச் சாமை, தினை விதை கொடுப்பது, பயிரைப் பார்ப்பது, மீட்டிங் போடுவது என்று அவருக்குப் பொழுது போகும். ஆவணியில் கல்யாணம். விருந்தெல்லாம் முடிந்து நான் விடுதிக்குத் திரும்பும் முன், தன் அறையைக் காட்டுவதற்காக ஒருநாள் என்னை மலைக்கு அழைத்துப் போனார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து பஸ் மேலே ஏறத் தொடங்கியதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நிற்க இடமில்லாத கூட்டம். எங்களுக்கு எப்படியோ ஜன்னலோரம் கிடைத்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க, உன் ஒய்ஃப் இன்னா ஆராய்ச்சி பண்றாங்கன்னு. கெமிஸ்ட்ரின்னு சொல்லி சமாளிச்சிக்கினு இருக்கேன். நெசமா நீ இன்னாதான் பண்ற?"

"படிகம் வளக்கறேங்க."

"கல்கண்டு மாதிரியா?"

"கல்கண்டு மாதிரியேதான். ஆனா நான் பாக்கறது, ஒரே பொருள் ரெண்டு விதமா படிகமாகுமே, அத."

அவருக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தேன். "இப்ப இந்த பஸ்ஸுல இருக்கிற ஜனத்தையே எடுத்துக்கோங்க. எல்லாரும் ரெண்டு ரெண்டு பேரா சீட்டுல உக்காந்தா ஒரு அமைப்பு. எல்லாரும் எழுந்து நின்னு பக்கத்துல இருக்கிறவங்க தோளப் புடிச்சிக்கினா இன்னொரு அமைப்பு. ஆளுங்க மாறல. ஆனா உக்காந்த பஸ்ஸும் நின்ன பஸ்ஸும் ஒண்ணில்ல. அப்படித்தான் மூலக்கூறும். அதே மூலக்கூறு, அடுக்கு மாறிச்சின்னா உருகற சூடு மாறிடும், கெட்டி மாறிடும், கரையற வேகம் மாறிடும்."

அவர் கம்பியைப் பிடித்து நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நின்னுக்கினு வர்றவங்கதான் ஸ்டாப்பிங் வந்தா மொதல்ல எறங்குவாங்க" என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். தளர்வாக அடுக்கிய உருவம்தான் சீக்கிரம் கரையும். பாடத்தில் வருவது இதுதான். பெற்றோர் பார்த்து வைத்த மாப்பிள்ளை அவர். பொறுமையானவர், சிக்கனமானவர் என்று மற்றவர்கள் சொல்லித்தான் அதுவரை எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த வளைவுகளில் அவரை எனக்கு நானாகவே பிடித்துப்போயிற்று.

ஒரே பொருள் இரண்டு விதமாகப் படிகமாவதைப் பாடப்புத்தகத்தில் பல்லுருவம் என்று எழுதுவார்கள். எனக்கு வாய்த்த பொருள் வெளிர் மஞ்சள் நிறப் பொடி. சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்த என் தோழி அதைத் தயாரித்துத் தருவாள்; நான் கரைத்து, வடிகட்டி, மெதுவாக உலரவிட்டுப் படிகமாக்குவேன். முதல் வருடம் அது ஊசி ஊசியாக வளர்ந்தது. தலைமுடி கனத்தில், வெயிலில் காட்டினால் எலுமிச்சை நிறத்தில் மின்னும். எக்ஸ்ரே கருவியில் வைக்கப்போனால் நீளவாக்கில் நார் நாராகப் பிரிந்துவிடும். அளவுகள் சிலவற்றை மட்டும் எடுக்க முடிந்தது. உள்ளே மூலக்கூறுகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பது தெரியவில்லை. அடுத்த முறை நல்லதாக வளர்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

அடுத்த முறை வரவில்லை. ஒரு குப்பியில் தட்டையாக, கெட்டியாக, கண்ணாடிச் சில்லு மாதிரி வேறு படிகம் வந்தது. அதற்குப் பிறகு எந்தக் குப்பியைத் திறந்தாலும் தட்டுதான். கரைப்பானை மாற்றினேன், குளிர்பெட்டியில் வைத்தேன், புதிய குப்பிகள் வாங்கினேன். தட்டு, தட்டு, தட்டு. அதன் அமைப்பு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. மூலக்கூறுகள் ஜோடி ஜோடியாக இருந்தன. ஒன்றின் ஹைட்ரஜன் இன்னொன்றின் ஆக்ஸிஜனைத் தேடிப் பிடித்திருந்தது. உறுதியான அமைப்பு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஊசி இல்லாமல் என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே நிற்காது.

என் நெறியாளர் ஒரு பெண்மணி. அதிகம் பேச மாட்டார். தட்டுகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: உறுதியான உருவம் ஒரு தடவை ஓர் அறைக்குள் வந்துவிட்டால், அதன் கண்ணுக்குத் தெரியாத தூள் காற்றிலும் துணியிலும் தலைமுடியிலும் தங்கிவிடும். அதில் ஒரு துணுக்கு கரைசலில் விழுந்தால் போதும், அதைப் பார்த்து மற்றதெல்லாம் அதே மாதிரி அடுக்கிக்கொள்ளும். அந்தத் துணுக்கை எங்கள் துறையில் விதை என்போம். உலகத்தில் பல ஆய்வகங்களில் இப்படி உருவங்கள் காணாமல் போயிருக்கின்றன. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களும் உண்டு. என் நெறியாளர் சிரிக்கவும் இல்லை, முழுதாக நம்பவும் இல்லை.

"நம்ம லேபுல இனிமே ஊசி வராதும்மா. இந்தத் தட்டையும் உன்னையும் பாக்காத ஒரு எடத்துல வெச்சிப் பாரு" என்றார்.

என்னைப் பார்க்காத இடம் எனக்கு எங்கே கிடைக்கும்? சாயங்காலம் போனில் என் கணவரிடம் புலம்பினேன்.

"இங்க குளிரு ஜாஸ்தி, தூசி கம்மி. நான் வேணா வெச்சிப் பாக்கட்டுமா?" என்றார்.

"வெக்கலாம். ஒரு நாள்தான அங்க தங்கினேன். ஆனா நீங்க சென்னைக்கு வரக்கூடாது. நானும் அங்க வரக்கூடாது. எங்கம்மா வூட்டுக்கும் நீங்க போகக்கூடாது, லீவுக்கு லீவு லேப் கோட்டெல்லாம் அங்கதான் கொண்டுபோய்த் தொவைக்கப் போடுவேன்."

வெள்ளிமலையில் சிக்னல் போய்ப் போய் வரும். நான் சொன்னது கேட்டதா என்று கேட்டேன்.

"எத்தினி நாளைக்கு?"

"வளர்ற வரைக்கும்."

"ஊரூரா போயி வெத குடுக்கிறதுதான் என் வேல. எங்கிட்ட வெத படாம வளத்துக் குடுன்னு கேக்கற" என்று சிரித்தார். சிரிப்பு முழுசாக இல்லை. தலை தீபாவளிக்கு வந்து போனதிலிருந்து மாதம் ஒருமுறையாவது சென்னைக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அவர் சேலம் போய், தோழியிடம் பொடியையும் கரைப்பானையும் வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மலை பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் பாய் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். மாப்பிள்ளையைப் பார்த்ததை அவர் என் அப்பாவிடம் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அரைமணி நேரத்தில் அம்மாவின் போன் வந்தது.

"இன்னாடி நடக்குது? மாப்ள டவுனுக்கு வந்துட்டு வூட்டுப் பக்கம் தல காட்டாம போயிக்கினு இருக்காரு. பாய் சொல்றாரு, எனக்கு மூஞ்சி எங்க வெச்சிக்கிறதுன்னு தெரில."

"நான்தாம்மா வர வேணாம்னு சொன்னேன்."

"ஏன், இன்னா தகராறு?"

விளக்கினேன். தூள் துணியில் ஒட்டும், துணியிலிருந்து வீட்டில் ஒட்டும், வீட்டிலிருந்து அவரிடம் ஒட்டும் என்றெல்லாம். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"எங்க வூட்ல தூசின்ற."

"உங்க வூட்ல தூசின்னு சொல்லலம்மா."

"தெனம் ரெண்டு தடவ பெருக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

மலையில் அவர் நான் சொன்னபடியே செய்தார். கரைப்பான் தீப்பற்றும் என்பதால் அடுப்புப் பக்கம் போகாமல், கெட்டிலில் வெந்நீர் வைத்து, அதில் குப்பியை நிறுத்திப் பொடியைக் கரைத்தார். வடிதாளில் வடித்தார். வாயை அலுமினியத் தாளால் மூடி, ஊசியால் துளை போட்டு, அலமாரியில் வைத்தார். நாலைந்து நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். படம் இறங்க நேரமாயிற்று. மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. குப்பியின் அடியில், அழகாக, தட்டு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகுதான் பின்னால் சுவரில் ஆணியில் தொங்கியது கண்ணில் பட்டது. என்னுடைய பழைய முதுகுப்பை. இரண்டு வருடம் ஆய்வகத்துக்கு நான் தினமும் மாட்டிப்போன பை. கல்யாணத்துக்குப் பிறகு, ஃபீல்டுக்குப் போக நல்லா இருக்கும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. சேலத்துக்கும் அதைத்தான் கொண்டுபோயிருக்கிறார்.

"பையா?" என்றார் போனில். "அத நான் ஆசையா மாட்டிக்கினு சுத்தறேன்."

"தெரியுங்க."

"சரி, வுடு. மறுபடி செய்யலாம்."

இரண்டாவது முறை அவர் எடுத்துக்கொண்ட அக்கறையை என்னால்கூட எடுத்திருக்க முடியாது. பை, நான் விட்டுவந்த துண்டு, ஸ்வெட்டர், நான் படுத்த போர்வை, தலை தீபாவளிச் சட்டை எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஒரு நண்பர் வீட்டில் போட்டார். அறையைக் கழுவினார். அதற்கப்புறமும் அந்த அறையில் நம்பிக்கை வராமல், வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு, முன்பக்கத்தில் அவர்கள் சாமை மூட்டை அடுக்கும் சின்ன அறையில் ஒரு பலகை வாங்கிக்கொண்டார்.

"உன் சாமான் ஒண்ணுகூட இல்ல இப்ப ரூம்ல" என்றார் அன்றைக்கு. "கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி இருந்திச்சோ அப்படியே இருக்குது. அப்ப நல்லாத்தான் இருந்திச்சி. இப்ப இன்னா மாதிரியோ இருக்குது."

சாப்பிட்டீங்களா என்று கேட்டேன்.

பொடி வாங்க மறுபடி சேலம் போனார், இந்த முறை கடையில் புதிதாக வாங்கிய மஞ்சள் பையோடு. காலையில் இவர் சேலம் பஸ் ஏறியதைப் பாயிடமிருந்து தெரிந்துகொண்டு, திரும்பும் நேரத்துக்கு அம்மா, டிபன் கேரியரோடு பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டார். நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் தூரத்தில் மாமியாரைப் பார்த்ததும், மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாகக் கும்பிட்டிருக்கிறார்.

"அத்த, கிட்ட வராதீங்க. கோச்சிக்காதீங்க."

அம்மா நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். "கோழிக் கொழம்பு வெச்சாந்தேன் மாப்ள. மலைல இன்னா கெடைக்கும் உங்களுக்கு. எளச்சிட்டீங்க."

"கொழம்பு மேல ஒண்ணும் இல்லத்த. கேரியரு மேலதான். அவ தொட்ட கேரியரு."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அங்கேயே அழுகை வந்திருக்கிறது. ஆனால் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. எதிரே பாய் கடைக்குப் போய், "மாப்ளைக்கு ஒரு டீயும் பன்னும் உங்க கையாலயே குடுத்து அனுப்புங்க, நான் தொடல" என்றிருக்கிறார். பாய் தானே வந்து ஜன்னலில் நீட்டியிருக்கிறார். அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை அம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு, கேரியரைப் பாய் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். அன்று இரண்டு பேரிடமும் போனில் பேசி முடித்தபோது, இவர்கள் இருவரும் எனக்காகப் படும் பாட்டில் எனக்குச் சிரிப்பும் வந்தது, இருவரையும் உடனே போய்ப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

தலைப் பொங்கலுக்கும் அவர் கீழே இறங்கவில்லை. அம்மாவும் அப்பாவும் பொங்கல் சீரை வடக்கனந்தலுக்குக் கொண்டுபோய் அவருடைய அப்பா அம்மாவிடம் வைத்துவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டவர்களிடம், "ஆராய்ச்சி பண்றாரு" என்று அம்மா சொன்னதாக அப்பா பிறகு சொன்னார்.

வெள்ளிமலையில் வீட்டுக்காரம்மாவுக்கும் அந்தக் குப்பியின் மேல் ஒரு கண். சாமை எடுக்கப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாராம்.

"இது இன்னா சாரு, மருந்தா?"

"எங்க வூட்டம்மாவோட படிப்புங்க."

"அவங்க வந்து பாக்க மாட்டாங்களா?"

"அவங்க வந்தா இது வளராதுங்க."

"அப்பிடியும் ஒண்ணு இருக்குதா" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு அந்த அறைக்குள் தன் வீட்டுக்காரரைக்கூட விடவில்லையாம்.

பொங்கல் முடிந்து சில நாள் கழித்து, நான் ஆய்வகத்தில் குப்பி கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று பேசுகிறார் என்பது மூச்சு வாங்குவதில் தெரிந்தது.

"முடி மாதிரி இருக்குது" என்றார்.

"எது?"

"உள்ள. மஞ்சளா. நெறைய இல்ல, ஒரு கொத்து."

படம் வரும்வரை நான் கைகூடத் துடைக்கவில்லை. மங்கலான படம். ஆனால் ஊசிகளை அடையாளம் தெரியாமல் போகுமா எனக்கு? நெறியாளரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அவர எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. நீ பக்கத்துல போகாத" என்றார்.

எங்கள் துறைக் கருவியில் வைக்க முடியாது. அங்கே தட்டின் தூள் இருக்கும். நகரத்தின் மறுகோடியில் இருந்த இன்னொரு ஆய்வு நிலையத்தில் நெறியாளர் தனக்குத் தெரிந்தவரிடம் பேசி ஏற்பாடு செய்தார். என் கணவர் கரைசலை வடித்து எடுத்துவிட்டு, ஊசிகளைச் சின்னக் குப்பியில் பஞ்சுக்கு நடுவில் வைத்து, அதைப் புதிதாக வாங்கிய ஃபிளாஸ்க்கில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளிமலையில் குளிர், உளுந்தூர்பேட்டை தாண்டும்போது நல்ல வெயில். திறந்து பார்க்கலாமா என்று வழியில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆய்வு நிலைய வாசலில் ஒரு வேப்பமரம், அதைச் சுற்றி சிமெண்ட் திண்டு. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டில் நுழைந்தபோது எங்களுக்கு நடுவில் ஒரு சாலை அகலம் இருந்தது. தீபாவளிக்குப் பார்த்தது; இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இளைத்துத்தான் இருந்தார், அம்மா சொன்னது சரி. ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே நடந்ததை அவரே சொன்னார். குப்பியைத் திறந்தபோது பெரும்பாலான ஊசிகள் வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டிருந்தன. வழியில் சூடு பட்டதில் உள்ளுக்குள்ளேயே அடுக்கு மாறிவிட்டது. கருவியைப் பார்த்துக்கொள்பவர் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, பஞ்சின் அடியில் கிடந்த ஒரே ஒரு தெளிவான ஊசியைக் கண்டுபிடித்தார். அதை எண்ணெயில் தோய்த்து, மெல்லிய கம்பி நுனியில் ஒட்டி, குளிர்ந்த காற்று படுகிற மாதிரி வைத்தார். அது பிளக்கவில்லை.

"கருவி ஓடுதுன்னு சொன்னாரு" என்று என் கணவர் வெளியே வந்து மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். "நாளைக்குத் தெரியுமாம்." பிறகு, "இப்ப கிட்ட வரலாமா?" என்று கேட்டார்.

"வாங்க" என்றேன்.

வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் என்ன பேசினோம் என்று நினைவில்லை. வீட்டுக்காரம்மா கொடுத்தனுப்பிய சாமை முறுக்கு இருந்தது, அதைச் சாப்பிட்டோம்.

மறுநாள் மதியம் நெறியாளரின் அறையில் அமைப்பைத் திரையில் பார்த்தோம். என் கணவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார் நெறியாளர். ஊசியில் ஜோடிகள் இல்லை. ஒவ்வொரு மூலக்கூறும் அடுத்ததை மட்டும் பிடித்துக்கொண்டு, அது அதற்கடுத்ததை, அப்படியே சங்கிலியாக ஊசியின் நீளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவில் வலுவான பிடிப்பு எதுவும் இல்லை. அதனால்தான் நார் நாராகப் பிரிந்திருக்கிறது. ஆனால் ஒன்றுமே இல்லாமலும் இல்லை. ஒரு கார்பனோடு இருந்த ஹைட்ரஜன் பக்கத்துச் சங்கிலியின் ஆக்ஸிஜனுக்கு எதிரே, இருக்க வேண்டியதைவிடச் சற்றே நெருக்கமாக வந்து நின்றது. அந்த இடத்தைக் கணினி புள்ளிக் கோடாகப் போட்டிருந்தது.

அவர் அந்தக் கோட்டைக் காட்டி, "மேடம், இதுங்க ரெண்டும் ஒட்டிக்கினு இருக்குதா, இல்லியா?" என்று கேட்டார்.

"ஒட்டல. ஆனா அது இல்லன்னா இந்தப் படிகம் இல்ல" என்றார் நெறியாளர். பிறகு என்னைப் பார்த்து, "இத விட்டுடாத, ஒரு பகுதியா எழுது" என்றார்.

எழுதினேன். ஆய்வேடு முடிந்தது. வாய்மொழித் தேர்வு நாளன்று அம்மா பின்வரிசையில் உட்கார்ந்து, புரியாத இடத்திலெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் கணவருக்கு ரிஷிவந்தியத்துக்கு மாற்றல் வந்தது, எனக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. வெள்ளிமலை அறையை அவர் காலி செய்தபோது நான் உடன் போயிருந்தேன்; வீட்டுக்காரம்மா கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அன்றைக்கு, திரையில் அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு, அவர் அதிக நேரம் தங்க முடியவில்லை. மறுநாள் காலையில் மலையில் ஏதோ மீட்டிங். துறைக்கு வெளியே இருந்த மெஸ்ஸில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே தூக்கம் வந்துவிட்டது அவருக்கு. நான் கை காட்டியதைப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பிய பிறகு விடுதிக்குப் போகாமல் ஆய்வகத்துக்கே திரும்பி நடந்தேன். அந்தப் படத்தை இன்னொரு தடவை மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.